கேட்கும் வயது (தொடர் – பகுதி 6)

தாயின் வயிற்றில் ஏறக்குறைய 25-ஆவது வாரத்தில் சிசுவின் உட்செவி ஒலியை வாங்கத் தொடங்குகிறது. பிறந்த நாளிலேயே குழந்தைக்குத் தாயின் குரல் பழகிய குரல்தான். அதன் பிறகு ஓராண்டு முழுவதும் அது ஒரு சொல்கூடப் பேசாமல், வீட்டில் புழங்கும் மொழியைக் காதில் வாங்கிச் சேர்த்துக்கொண்டே இருக்கிறது. முதல் 'அம்மா' வெளிவரும்போது அதற்குப் பின்னால் பல மாத உழைப்பு இருக்கிறது. பிறவியிலேயே செவித்திறன் இழந்த குழந்தை இழப்பது இந்த மாதங்களைத்தான்.

இழப்பு வெளியே தெரிவதில்லை. காது கேளாத குழந்தையும் அழும், சிரிக்கும், முதல் சில மாதங்கள் மழலை ஒலிகள்கூட எழுப்பும். ஏழெட்டு மாதத்தில் 'பாபாபா', 'மாமாமா' என்று அசைகள் கோக்க வேண்டிய பருவத்தில்தான் அது பின்தங்கும். அப்போதும் வீட்டில், "அவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசினாரு" என்று யாராவது சமாதானம் சொல்வார்கள். அந்த ஆறுதலில் ஒன்றிரண்டு ஆண்டுகள் கரைந்துவிடும்.

இதைத் தடுக்கத்தான் பிறந்த குழந்தைக்கான செவிப் பரிசோதனை. ஓஏஇ பரிசோதனையில், தூங்கும் குழந்தையின் காதில் சிறு குமிழைச் செருகி ஒலி அனுப்பினால், நலமான உட்செவி மிக மெல்லிய எதிரொலி தரும். அது வராவிட்டால், செவி நரம்பிலிருந்து மூளைத்தண்டு வரை ஒலி போய்ச் சேர்கிறதா என்பதை பெரா பரிசோதனை காட்டும். 1 மாதத்துக்குள் பரிசோதனை, 3 மாதத்துக்குள் உறுதிப்படுத்தல், 6 மாதத்துக்குள் சிகிச்சை என்பது உலகெங்கும் ஏற்கப்பட்ட அளவு. 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில் பிறவிச் செவித்திறன் குறைபாடும் சேர்க்கப்பட்டுள்ளது. தமிழ்நாட்டுக்கு இது கூடுதல் முக்கியம். நெருங்கிய உறவில் திருமணம் செய்வது மிகுந்த மாநிலங்களில் இதுவும் ஒன்று. பெற்றோர் இருவரிடமும் மறைந்திருக்கும் ஒரே மரபணுக் குறை குழந்தையிடம் ஒன்றுசேரும் வாய்ப்பு அத்தகைய குடும்பங்களில் அதிகம்.

உட்செவியின் நத்தைச்சுருளில் உள்ள மயிரிழைச் செல்கள்தாம் ஒலி அதிர்வை மின்குறிப்பாக மாற்றுகின்றன. அவை பெருமளவு பழுதானால், ஒலியைப் பெருக்கித் தரும் சாதாரண காது மெஷினால் பயன் குறைவு. காக்ளியர் இம்ப்ளான்ட் அந்தச் செல்களைத் தாண்டி, செவி நரம்பையே நேரடியாகத் தூண்டுகிறது. பல மின்முனைகள் கொண்ட இம்ப்ளான்ட்டை 1978-இல் மெல்போர்னில் பொருத்தியவர் மருத்துவர் கிரேம் கிளார்க். மெல்லிய மின்முனைக் கம்பியைச் சுருளுக்குள் எப்படிச் செலுத்துவது என்பது அவருக்குப் பெரிய சிக்கலாக இருந்தது. 1977-இல் ஒரு கடற்கரையில், மாமல்லபுரத்துச் சங்குக் கடைகளில் கிடைப்பது போன்ற ஒரு சுருள் சங்கை எடுத்து, அதற்குள் புல் இதழ்களைச் செலுத்திப் பார்த்தார். நுனி துவண்டும் அடி விறைத்தும் இருந்த புல் சுருளுக்குள் வளைந்து நெடுந்தூரம் சென்றது. மின்முனைக் கம்பியும் அப்படியே வடிவமைக்கப்பட்டது.

இந்தக் கருவியின் விலை பல லட்சம் ரூபாய். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இதை இலவசமாக்கியதால்தான், மீன்பிடிக் குப்பங்களிலும் கல்தச்சர் வீடுகளிலும் பிறந்த குழந்தைகளுக்கும் இந்த அறுவைச் சிகிச்சை எட்டும் தூரத்துக்கு வந்தது. தமிழ்நாடு பெருமைப்பட வேண்டிய காரியம் இது. ஆனால் வயது வரம்பை எல்லைக்கோடாக மட்டும் பார்க்க வேண்டும், இலக்காகக் கொள்ளக் கூடாது. ஏறக்குறைய மூன்றரை வயதுக்குள் ஒலி கிடைத்தால் மூளையின் செவிப்பகுதி இயல்பை ஒட்டி வளர்கிறது, ஏழு வயதுக்கு மேல் அந்த நெகிழ்வு வெகுவாகக் குறைந்துவிடுகிறது என்று மூளை அலை ஆய்வுகள் காட்டுகின்றன.

அறுவைச் சிகிச்சை முடிந்து சில வாரங்களில் கருவியை 'சுவிட்ச் ஆன்' செய்கிறார்கள். அன்றுதான் குழந்தையின் கேட்கும் வயது தொடங்குகிறது. மூன்று வயதில் கருவி பொருத்திய குழந்தைக்கு நான்கு வயதாகும்போது கேட்கும் வயது ஒன்றுதான். அதனிடம் நான்கு வயதுப் பேச்சை எதிர்பார்க்கும் குடும்பம் விரைவில் சோர்ந்துபோகும்.

கருவி வழியே கேட்கப் பழக்கும் பயிற்சியில் குழந்தை ஒரு கட்டையைக் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்துக் காத்திருக்கும். அம்மா பக்கத்தில் அமர்ந்து, வாயசைவு தெரியாமல் 'ம்', 'ஊ', 'ஆ', 'ஈ', 'ஷ்', 'ஸ்' என்று ஒவ்வொன்றாக ஒலிப்பார். கேட்டதும் கட்டை கிண்ணத்தில் விழ வேண்டும். தாழ்ந்த சுருதி முதல் உயர்ந்த சுருதி வரை பேச்சின் அகலம் முழுவதும் இந்த ஆறு ஒலிகளில் அடங்கிவிடும். தினமும் காலையில் இதைச் செய்தால் கருவி சரியாக இயங்குகிறதா என்பதும் தெரிந்துவிடும்.

ஒலி கேட்பதிலிருந்து மொழிக்குப் போகும் வழி நீளமானது. தமிழில் அந்த வழிக்கென்று சில மேடுபள்ளங்கள் உண்டு. 'கல்', 'கால்', 'படு', 'பட்டு' போன்ற வேறுபாடுகள் பெரும்பாலும் கால அளவைச் சார்ந்தவை. கால அளவை இம்ப்ளான்ட் நன்றாகவே கடத்தும். ல, ள, ழ வேறுபாடு நுண்ணிய அதிர்வெண்களைச் சார்ந்தது, அதனால் கடினம். அதைவிடக் கவனிக்க வேண்டியவை சொல்லின் கடைசியில் மெலிந்து ஒலிக்கும் உருபுகளும் விகுதிகளும். 'கடைக்கு', 'கடையில', 'கடையிலேருந்து' என்ற வேறுபாட்டில்தான் வாக்கியத்தின் பொருளே இருக்கிறது. பேச்சுத்தமிழில் 'வந்தான்' என்பதன் இறுதி 'ன்' மூக்கொலியாகத் தேய்ந்துவிடுகிறது. வந்தது அண்ணனா அக்காவா என்பதை அந்த மெல்லிய மூக்கொலி ஒன்றே சொல்கிறது. கேட்கும் குழந்தை இதைத் தானாகப் பிடித்துக்கொள்ளும். இம்ப்ளான்ட் குழந்தைக்குப் பல நூறு முறை, பொருளுள்ள சூழலில், பக்கத்தில் இருந்து சொல்ல வேண்டும்.

படத்தைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டுக்கொண்டே இருக்கும் வீடுகளில் குழந்தை பெயர்ச்சொற்களை மட்டும் அடுக்கி வைத்திருக்கும், வாக்கியம் வராது. நெத்திலியை அலசும்போது, "தண்ணி ஊத்து. இன்னும் கொஞ்சம் ஊத்து. போதும். இப்ப யாரு தலையைக் கிள்ளுறது?" என்று பேசும் அம்மா, தெரபி அறையில் கிடைக்காத இலக்கணத்தைக் கற்றுக்கொடுக்கிறார். வாரத்துக்கு ஓரிரு மணி நேரப் பயிற்சி பெற்றோருக்கு வழிகாட்டத்தான். மொழி வளர்வது மீதி நேரத்தில், வீட்டில்.

எல்லாக் குழந்தைகளுக்கும் இந்த வழி பொருந்தாது. செவி நரம்பே வளராத குழந்தைக்கு இம்ப்ளான்ட் உதவாது. செவியோடு பார்வை, அறிவு வளர்ச்சி, உடல் இயக்கம் ஆகியவற்றிலும் குறைபாடு சேர்ந்திருந்தால் இலக்குகள் மாறும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காட்டில் 2005-இல் அமைந்த பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் இத்தகைய குழந்தைகளுக்கானது. அங்கே 2021-இல் ஆரம்பநிலை இடையீட்டு மையமும் தொடங்கப்பட்டது. சைகை மொழி கற்றால் பேச்சு வராது என்ற அச்சம் இன்னும் பலரிடம் உண்டு. அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. பேச்சானாலும் சைகையானாலும், ஐந்து வயதில் ஒரு மொழியும் கைவரப்பெறாமல் நிற்பதுதான் பெருந்தீங்கு. இம்ப்ளான்ட் உள்ள குழந்தைக்கும் சைகை உதவும்: கடலில் குளிக்க, காதில் மாட்டியிருக்கும் வெளிக்கருவியைக் கழற்றியதும் அதற்கு எதுவும் கேட்காது.

அந்த வெளிக்கருவியைக் காப்பது கடற்கரையில் தனி வேலை. உப்புக் காற்றும் வியர்வையும் மைக்ரோஃபோனைக் கெடுக்கும். இரவில் அதை ஈரம் உறிஞ்சும் மணிகள் போட்ட டப்பாவில் வைக்க வேண்டும். கல் அறுக்கும் மெஷின், பேருந்து, வகுப்பறை மின்விசிறி ஆகியவற்றின் இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் பிரித்தறிவது கடினம். அதனால் ஆசிரியர் குழந்தையை முன்வரிசையில் உட்கார வைக்க வேண்டும். தலைக்குள் உள்ள பகுதி பல பத்தாண்டுகள் உழைக்கும்படி செய்யப்பட்டது. வெளிக்கருவி அவ்வளவு காலம் தாங்காது. ஒயர் அறுந்தோ பேட்டரி செத்தோ ஒரு மாதம் அலமாரியில் கிடந்தால், குழந்தையின் கேட்கும் வயதில் ஒரு மாதம் போய்விடும். உதிரிப் பாகங்களுக்கான செலவு, பயிற்சிக்கு வந்துபோகும் பேருந்துக் கட்டணம், அன்றைக்கு இழக்கும் கூலி எல்லாவற்றையும் அறுவைச் சிகிச்சைச் செலவின் பகுதியாகவே அரசு கணக்கில் எடுக்க வேண்டும்.