மூடிய போத்தலுக்குள் விஷ மது: ஒளியால் காட்டிக் கொடுக்கும் கைக்கருவி

2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் வட்டாரத்தில் மெத்தனால் கலந்த மலிவு விலை மதுவைக் குடித்து 30க்கும் மேற்பட்டோர் இறந்தனர். இறந்தவர்களில் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் உள்நாட்டவரும் இருந்தனர்.

சம்சுவால் குடும்பங்கள் சீரழிந்த கதை தோட்டப்புறத்துக்குப் புதிதல்ல. ஆனால் மெத்தனால் விஷயம் வேறு. மொடாக்குடியர்தான் சாக வேண்டும் என்பதில்லை. சில மிடறுகளே கண்பார்வையைப் பறிக்கலாம். வழக்கமான மதுவில் இருப்பது எத்தனால். இரண்டும் நிறமற்றவை. கலந்துவிட்டால் நாக்காலும் மூக்காலும் பிரித்தறிய முடியாது. கொளுத்திப் பார்த்து நீலமாக எரிந்தால் நல்ல சரக்கு என்பதும் வெறும் பேச்சு. இரண்டுமே நீலமாகத்தான் எரியும்.

ஒளியை ஏமாற்றுவது அவ்வளவு எளிதல்ல. கையடக்க ராமன் நிறமாலைமானி, போத்தலைத் திறக்காமலேயே உள்ளே லேசர் ஒளியைப் பாய்ச்சுகிறது. மூலக்கூறுகளில் பட்டுச் சிதறும் ஒளியில் பெரும்பகுதி அதே நிறத்தில் திரும்பும். ஏறக்குறைய கோடி ஒளித்துகள்களில் ஒன்று மட்டும் நிறம் மாறி வரும். அந்த மாற்றம்தான் பொருளின் கைரேகை. அலை எண் கணக்கில் எத்தனாலின் வலுவான முகடு 880க்கு அருகிலும், மெத்தனாலுடையது 1,030ஐ ஒட்டியும் எழும். எத்தனாலின் இன்னொரு முகடு மெத்தனாலுக்குப் பக்கத்திலேயே நிற்பதால், இரண்டையும் பிரித்துக் கணக்கிடும் வேலையைக் கருவிக்குள் உள்ள கணினி செய்கிறது.

இந்த ஒளிச் சிதறலை 1928இல் கல்கத்தாவில் கண்டுபிடித்தவர் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி.வி. ராமன். உடன் உழைத்த கே.எஸ். கிருஷ்ணனும் தமிழரே. ராமனுக்கு 1930இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தச் சோதனை, சிறிய லேசர்களும் ஒளியுணரிகளும் வந்த பிறகு உள்ளங்கைக்குச் சுருங்கியது.

போத்தல் கண்ணாடியும் ஒளியைச் சிதறடிக்கும். அதனால் லேசர் பட்ட இடத்திலிருந்து சற்றுத் தள்ளி ஒளியைச் சேகரிக்கிறார்கள். பிரிட்டனின் மான்செஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த உத்தியால் மூடிய போத்தல்களில் மிகக் குறைந்த அளவு மெத்தனாலையும் கண்டறிந்ததாக 2017இல் அறிவித்தனர்.

குறையும் உண்டு. அடர் நிற மதுக்கள் தாமே ஒளிர்ந்து, மெல்லிய ராமன் ஒளியை மறைத்துவிடலாம். கருவியும் மலிவானதல்ல, பெட்டிக்கடைக்கு வரும் பொருளாக இன்னும் ஆகவில்லை.

குடித்த பிறகு இக்கருவியால் பயனில்லை. மெத்தனாலின் கடுமையான அறிகுறிகள் பெரும்பாலும் 12 முதல் 24 மணி நேரம் கழித்தே தெரியும். போதை தெளியவில்லை என்று வீட்டார் படுக்க வைத்துவிடுவதும் இதனால்தான். பார்வை மங்கல், வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல் ஆகியவை தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மாற்று மருந்தும் டயாலிசிஸும் அங்கேதான் உண்டு. மிச்சமுள்ள போத்தலையும் கையோடு கொண்டுபோனால் என்ன குடித்தார் என்பதைச் சோதிக்க உதவும்.