பழைய இசைத்தட்டை கம்ப்யூட்டரில் ஏற்ற பிரிஆம்ப், கன்வர்ட்டர் வாங்கும் முன்...

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவுடன் வீட்டுப் பெரியவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "பழைய ரெக்கார்டையெல்லாம் இதுல ஏத்த முடியுமா?" ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டிலும் அப்பா கேட்டார். சாஃப்ட்வேர் துறையில் இருப்பவன் என்பதால், "முடியும்" என்று உடனே சொல்லிவிட்டேன். ரெக்கார்ட் பிளேயரின் வயரை கம்ப்யூட்டரின் இளஞ்சிவப்பு துளையில் செருகி, ஷேக் சின்ன மௌலானாவின் எல்.பி. ஒன்றைச் சுழலவிட்டேன். 1999-ல் மறைந்த இந்த நாதஸ்வர மேதை, எங்கள் ஸ்ரீரங்கத்திலேயே வாழ்ந்தவர்.

நாதஸ்வரம் கீச்சென்று கேட்டது. தவிலின் வலந்தலை டிக் டிக் என்றது. குச்சியால் அடிக்கும் தொப்பிப் பக்கத்தைக் காணவே காணோம். "ஊசியும் போச்சு, மிஷினும் போச்சு. ஆம்ப்ளிஃபயரோட சேர்த்து எடைக்குப் போட்டுடுப்பா" என்றார் அப்பா. திருச்சி கடை ஒன்றில் விசாரித்தபோது, விலை உயர்ந்த டி.ஏ.சி. ஒன்றை வாங்கச் சொன்னார்கள். இரண்டுமே தேவையில்லை என்பது பிறகுதான் புரிந்தது. தவறு என் இணைப்பில் இருந்தது.

தவில் எங்கே போனது?

எல்.பி. இசைத்தட்டில் கனமான ஒலிகளை அப்படியே பதித்தால் பள்ளங்கள் அகலமாகி இடம் போதாது. எனவே பதியும்போது கீழ் ஒலிகளைக் குறைத்தும், மேல் ஒலிகளைக் கூட்டியும் பதிப்பார்கள். இதற்கான அளவுமுறை 1954-ல் வரையறுக்கப்பட்டது, ஆர்.ஐ.ஏ.ஏ. என்பது இதன் பெயர். கேட்கும்போது இதைத் தலைகீழாகச் சரிசெய்ய வேண்டும். தவிர, காந்த வகை ஊசித்தலை தருவது சுமார் 5 மில்லிவோல்ட் மட்டுமே. சி.டி. பிளேயர் தருவதோ அதிகபட்சம் 2 வோல்ட் வரை. இந்தச் சிறிய சிக்னலைப் பெருக்கி, ஒலியையும் சரிசெய்வதுதான் ஃபோனோ பிரிஆம்ப். மைக் துளை சிக்னலைப் பெருக்கும், சரிசெய்யாது. அதனால்தான் தவில் தொலைந்தது.

பிரிஆம்ப் என்ற ஒரே பெயரில் இரண்டு கருவிகள் விற்கப்படுகின்றன. ஒன்று, மேலே சொன்ன ஃபோனோ பிரிஆம்ப். மற்றது, வால்யூம் திருகவும் சி.டி., ரேடியோ என மாற்றவும் உதவும் லைன் பிரிஆம்ப். கடையில் எது என்று தெளிவாகக் கேளுங்கள்.

டி.ஏ.சி. ஒருவழிப் பாதை

டி.ஏ.சி. என்பது கம்ப்யூட்டரில் எண்களாக உள்ள இசையை மின் அலையாக மாற்றி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்பும் கருவி. இசைத்தட்டை உள்ளே ஏற்ற, இதற்கு நேர் எதிரான ஏ.டி.சி. வேண்டும். பல யூ.எஸ்.பி. டி.ஏ.சி.களில் உள்ளே வாங்கும் வழியே கிடையாது. எனக்குக் காட்டியதும் அப்படிப்பட்டதே. இரண்டு திசையிலும் வேலை செய்ய வேண்டுமானால் "லைன் இன்" உள்ள யூ.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸ் வாங்கவும்.

பெரிய எண்களைக் கண்டு மயங்க வேண்டாம். 1982-ல் வந்த சி.டி.யின் அளவு 16 பிட், 44,100 ஹெர்ட்ஸ். இதிலேயே 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலி அடங்கிவிடும். 24 பிட் இருந்தால், அளவைச் சற்றுக் குறைவாக வைத்துப் பதிய வசதி. 192 கிலோஹெர்ட்ஸுக்காக அதிகப் பணம் தர வேண்டியதில்லை.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

1. பழைய ஆம்ப்ளிஃபயரின் பின்புறத்தைப் பாருங்கள். "ஃபோனோ" என்ற துளை இருந்தால், பிரிஆம்ப் உள்ளேயே இருக்கிறது. "டேப் அவுட்" அல்லது "ரெக் அவுட்" இருந்தால் அங்கிருந்து கம்ப்யூட்டருக்கு எடுக்கலாம். எங்கள் வீட்டில் எடைக்குப் போகவிருந்த ஆம்ப்ளிஃபயரில் இரண்டுமே இருந்தன!

2. ஊசித்தலை எந்த வகை என்று பாருங்கள். பழைய சூட்கேஸ் வகை பிளேயர்கள் பலவற்றில் இருப்பது செராமிக் வகை. இது அதிக வோல்ட் தரும், இதற்கு ஆர்.ஐ.ஏ.ஏ. பிரிஆம்ப் பொருந்தாது.

3. டெஸ்க்டாப்பின் பின்னால் நீலத் துளை இருந்தால் அதுவே லைன் இன். பச்சை வெளியே செல்ல, இளஞ்சிவப்பு மைக்குக்கு. பல லேப்டாப்களில் லைன் இன் கிடையாது. அவற்றுக்குத்தான் இன்டர்ஃபேஸ் கட்டாயம்.

இணைக்கும் முறை

எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பிளேயரின் வயரை "ஃபோனோ"விலும், அதோடு வரும் மெல்லிய எர்த் வயரை ஆம்ப்ளிஃபயரின் எர்த் திருகிலும் மாட்டவும். இதை விட்டால் 'ம்ம்ம்' என்ற இரைச்சல் வரும். பிறகு டேப் அவுட்டிலிருந்து லைன் இன்னுக்கு வயர் இணைக்கவும். ஸ்பீக்கர் முனைகளிலிருந்து ஒருபோதும் எடுக்க வேண்டாம், கம்ப்யூட்டர் பழுதாகிவிடலாம். இரைச்சல் தொடர்ந்தால், லேப்டாப் சார்ஜரைக் கழற்றிச் சோதிக்கவும். எர்த் பின்னை வெட்டும் வேலை வேண்டவே வேண்டாம்.

இலவசமாகக் கிடைக்கும் ஆடாசிட்டி புரோகிராமைத் திறந்து, மிக உரத்த இடத்திலும் அளவு மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் வைக்கவும். பூஜ்ஜியத்தைத் தாண்டிச் சிதைந்த ஒலியை முழுமையாக மீட்க முடியாது. முதலில் வேவ் ஃபைலாகச் சேமிக்கவும், சி.டி. தரத்தில் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்.பி. ஆகும். அதிலிருந்து எம்பி3 எடுத்துக் கொள்ளலாம்.

கடைசியில் நான் செலவழித்தது ஒரு வயருக்கு மட்டுமே. அதே எல்.பி.யை மீண்டும் போட்டபோது தொப்பிப் பக்கம் தொம் என்று முழங்கியது. எடைக்குப் போடச் சொன்ன அப்பா, "சத்தத்தைக் கொஞ்சம் கூட்டு" என்றார். நீங்களும் முதலில் ஆம்ப்ளிஃபயரைத் திருப்பிப் பாருங்கள். கடைக்குப் பிறகு போகலாம்.