ஃபாலோயர்ஸ் ஆயிரம், ஆர்டர் அஞ்சு? - ஆன்லைன் பிசினஸைத் தூக்கிவிடும் 5 உறவுகள்!

இன்ஸ்டாவில் சேலை, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஆரி பிளவுஸ், கவரிங் செட்... இன்று தெருவுக்கு ஒரு ஆன்லைன் கடை. நீங்களும் ஒன்று ஆரம்பித்திருக்கலாம். தினமும் ரீல்ஸ் போடுறீங்க, லைக்ஸும் வருது. ஆனா, ஆர்டர் மட்டும் சொந்தக்காரங்க, ஃபிரெண்ட்ஸைத் தாண்டி வர மாட்டேங்குதா?

ஒரு சின்ன டெஸ்ட். நாளை காலை உங்கள் இன்ஸ்டா அக்கவுன்ட் முடங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். தொழிலைத் தொடர யாருக்கெல்லாம் போன் செய்வீர்கள்? மனதில் வரும் பெயர்களை எண்ணிப் பாருங்கள். அக்கவுன்ட் போனால் ஃபாலோயர்ஸும் போய்விடுவார்கள். மிஞ்சுவது இந்தப் பெயர்கள்தான்.

தூரத்துப் பழக்கத்தின் பலம்

அமெரிக்க சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர், வேலை மாறியவர்களிடம் பேசி 1973-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். பலருக்கும் புது வேலை பற்றிய தகவல், நெருங்கிய நண்பர்களைவிட எப்போதாவது பார்க்கும் அறிமுகங்கள் வழியாகவே வந்திருந்தது. காரணம் சிம்பிள். நம்ம ஃபிரெண்டுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரியும். புது செய்தி, புது ஆள் எல்லாம் வட்டத்துக்கு வெளியேதான். தொழிலுக்கும் இது பொருந்தும். அந்த வெளிவட்டத்தில் முக்கியமான 5 பேர் இவர்கள்.

1. சரக்கு கொடுப்பவர்

சேலைக்கு சேலம் பக்கம் இளம்பிள்ளை, பனியன் ரகங்களுக்குத் திருப்பூர் காதர்பேட்டை, ஜவுளிக்கு ஈரோடு சந்தை என எங்கே வாங்கினாலும், ஒருமுறையாவது நேரில் போய்விட்டு வாருங்கள். முதல் ஆர்டர் சின்னதாக, ரொக்கமாக இருக்கட்டும். “ஏனுங்ணா, டேமேஜ் வந்தா மாத்திக் குடுப்பீங்களா? உங்க போட்டோவை நான் போட்டுக்கலாமா?” என்று அன்றைக்கே கேட்டுவிடுங்கள்.

கடன் வாங்கினால், சொன்ன தேதியில் பணம் போய்ச் சேர வேண்டும். முடியாதா? தேதிக்கு முன்பே நீங்களே போன் செய்து சொல்லுங்கள். தீபாவளிக்கு முந்தைய வாரம் சரக்கு கம்மியாக இருக்கும்போது, கேட்கிற எல்லோருக்கும் கிடைக்காது. வார்த்தை தவறாதவருக்குத்தான் முதலில் பார்சல் கட்டுவார்கள்.

2. கூரியர் கவுன்டர்

மாலை வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பும், எந்த ஊருக்கு எத்தனை நாள் ஆகும் என்பதெல்லாம் கவுன்டரில் இருப்பவருக்கு அத்துப்படி. கடைசி நிமிடத்தில் 20 பார்சலோடு ஓடாமல், முகவரி தெளிவாக ஒட்டி, தினமும் ஒரே நேரத்தில் கொடுங்கள். பார்சல் எங்கோ மாட்டிக்கொண்டால், உங்களுக்காக அங்கிருந்து ஒரு போன் போகும்.

3. அதே தொழில் செய்பவர்

“போட்டியாளர்கூட என்ன பேச்சு?” என்று நினைக்காதீர்கள். மொத்த விலைக் கடைகளில் பல ரகங்களை செட்டாகத்தான் தருவார்கள். இரண்டு பேர் சேர்ந்து வாங்கினால் முதலீடு பாதி. உங்களிடம் இல்லாத சைஸை அவரிடம் அனுப்பினால், நாளை அவரும் அனுப்புவார். சேலை விற்பவரும் ஆரி பிளவுஸ் தைப்பவரும் கைகோத்தால் ஒரே கஸ்டமரிடம் இருவருக்கும் வேலை. ஆனால், கமிஷன் எவ்வளவு என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள். அவர் எடுத்த போட்டோவைக் கேட்காமல் போட்டால், அன்றோடு உறவு முடிந்தது.

4. திரும்ப வரும் கஸ்டமர்

வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் 256 பேரைச் சேர்க்கலாம். உங்கள் நம்பரை சேவ் செய்தவர்களுக்கு மட்டும்தான் மெசேஜ் போகும். ஒருவர் உங்கள் நம்பரை சேவ் செய்வது, 100 லைக்குகளைவிடப் பெரிது. அதற்குத் தகுதியாக நடந்துகொள்ளுங்கள். “போட்டோவில் இருக்கிறதைவிட கலர் கொஞ்சம் டல்லா இருக்கும் அக்கா” என்று விற்கும் முன்பே சொல்பவரிடம்தான் அடுத்த முறையும் நம்பி வாங்குவார்கள்.

5. கணக்கு பார்ப்பவர்

தமிழ்நாட்டுக்குள் பொருள் விற்க, ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய் வரை பொதுவாக ஜி.எஸ்.டி பதிவு தேவையில்லை. வெளி மாநில ஆர்டர் என்றால் விதி மாறும். பெங்களூருக்கு முதல் பார்சல் அனுப்பும் முன் ஆடிட்டரைக் கேட்டுவிடுங்கள்.

உத்யம் பதிவு அரசுத் தளத்தில் இலவசம். நீங்களே தயாரித்துக் கடைகளுக்கு சப்ளை செய்பவரா? இந்தப் பதிவு இருந்தால், எம்.எஸ்.எம்.இ சட்டப்படி எழுத்துபூர்வ ஒப்பந்தம் இல்லாதபோது 15 நாளுக்குள் பணம் வர வேண்டும். ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டக் கூடாது. “அடுத்த மாசம் பார்க்கலாம்மா” என்பவரிடம் தயங்காமல் இதைச் சொல்லலாம்.

எப்படி ஆரம்பிப்பது?

உதவி தேவைப்படும்போது மட்டும் “ஹாய் அண்ணா” என்று மெசேஜ் போட்டால் யாருக்கும் பிடிக்காது. இந்த வாரமே மூன்று பேரிடம், எதுவும் கேட்காமல் பேசுங்கள். “போன தடவை அனுப்பின பச்சை கலர் உடனே வித்துடுச்சுண்ணா, தேங்க்ஸ்” என்று ஒரு வரி போதும். சரக்கு கொடுத்தவருக்கு அது வெறும் நன்றி இல்லை; எந்த கலர் ஓடுகிறது என்ற மார்க்கெட் தகவலும்கூட. அடுத்த லாட் வரும்போது, அவரே முதலில் உங்களைக் கூப்பிட அது ஒரு காரணம்!