கம்பியை விடாத கண்ணாடி மணி

இட்லித் தட்டில் ஒட்டிக்கொண்ட இட்லியை எடுக்கும் வழியை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. தட்டைக் கவிழ்த்துப் பின்பக்கம் கொஞ்சம் தண்ணீர் தெளித்து ஒரு நிமிஷம் பொறுத்தால், சமர்த்தாக வந்துவிடும். கையில் இறுகிப்போன வளையலுக்குச் சோப்பு நுரை இருக்கிறது. ஆனால் கம்பியில் ஒட்டிக்கொண்டு வர மறுக்கும் கண்ணாடி மணியை என்ன செய்வது?

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்டவள், செஞ்சியில் இருக்கும் என் கல்லூரித் தோழி. கோட்டையைப் பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் திண்டிவனத்தில் பஸ் ஏறினேன். ராஜகிரி மலை சுமார் 800 அடி உயரம். அதன் மேல் ஏறி இறங்கிய களைப்புடன் அவள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தால், காபிக்கு முன்பாக ஒரு கம்பியைக் கையில் கொடுத்தாள். கம்பியின் நடுவில் சுண்டைக்காய் அளவில் ஒரு நீல மணி. எவ்வளவு திருகினாலும் அசைவதாக இல்லை.

"இது வராவிட்டால் நாளை மறுநாள் என் தங்கை மாலை இல்லாமல்தான் மணையில் உட்கார வேண்டும்" என்றாள். குரல் கம்மியது.

விஷயம் இதுதான். அவளுடைய பாட்டி காலத்து நீல மணி மாலை ஒன்று அந்த வீட்டில் இருக்கிறது. தங்கமும் அல்ல, வைரமும் அல்ல. வெறும் கண்ணாடி. ஆனாலும் அந்தக் குடும்பத்துப் பெண்கள் எல்லாரும் வளைகாப்பன்று அதைத்தான் போட்டுக்கொள்வார்கள். சென்ற மாதம் அதில் ஒரு மணி தரையில் விழுந்து நொறுங்கிவிட்டது. என் தோழிக்குக் கண்ணாடி மணி செய்வது பொழுதுபோக்கு. காஸ் டார்ச், கண்ணாடிக் குச்சிகள், ஒரு சின்ன மின்சாரச் சூளை எல்லாம் கொல்லைப்புறத்து அறையில் வைத்திருக்கிறாள். "நானே செய்து சேர்த்துவிடுகிறேன்" என்று அம்மாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டாள். பதினோரு மணிகளில் நிறம் சேரவில்லை. பன்னிரண்டாவதில் அச்சு அசலாக அதே நீலம் வந்தது. வந்த மணி கம்பியை விடமாட்டேன் என்கிறது!

அவள் கணவருக்கு ஒரே வைத்தியம்தான் தெரியும். எட்டாவது மணி ஒட்டிக்கொண்டபோது சுத்தியலால் தட்டியிருக்கிறார். மணி தூளாகி, ஒரு சில்லு அவர் புருவத்தில் குத்திவிட்டது. அரை அங்குலம் கீழே பட்டிருந்தால் கண் போயிருக்கும். இப்போதும் மனிதர் சுத்தியலுடன் வந்து நின்றார்.

"மாப்பிள்ளை, அதைக் கீழே வையுங்க" என்றார் தோழியின் அம்மா. "தண்ணியிலே போட்டு வைக்கட்டும். விடிஞ்சதும் பார்த்துக்கலாம்."

அந்த அம்மாள் சொன்னது முற்றிலும் சரி. ஏன் சரி என்பதைத்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன்.

மணிக்குள் இருக்கும் துளை எப்படி வருகிறது என்று என்றைக்காவது யோசித்திருக்கிறோமா? கண்ணாடியில் துளை போடுவதில்லை. துளையைச் சுற்றித்தான் கண்ணாடியைச் சேர்க்கிறார்கள். எவர்சில்வர் கம்பியை மாவுபோல் குழைத்த களிமண் கலவையில் தோய்த்துக் காய வைப்பார்கள். பிறகு கண்ணாடிக் குச்சியைச் சுடரில் காட்டி, தேன் பதத்துக்கு உருகியதும், கம்பியைச் சுழற்றிக்கொண்டே அதன் மேல் சுற்றுவார்கள். உருண்டை திரண்டதும், சுமார் 500 டிகிரி சூட்டில் இருக்கும் சூளையில் வைத்து மெல்ல மெல்ல ஆறவிடுவார்கள். அவசரமாக ஆறினால் மணி வெடித்துவிடும்.

இதில் களிமண்ணுக்கு என்ன வேலை? தோசைக் கல்லில் எண்ணெய் செய்யும் வேலைதான். கண்ணாடியும் கம்பியும் நேருக்கு நேர் தொடாமல் நடுவில் நிற்கிறது. பூச்சு மெல்லியதாக இருந்தாலும், சரியாகக் காயாவிட்டாலும், கம்பியைச் சுழற்றும்போது விண்டு உதிர்ந்தாலும், கண்ணாடி பூச்சைத் தாண்டி வெறும் கம்பியில் வழிந்தாலும் மணி ஒட்டிக்கொள்ளும்.

மணி செய்கிறவர்களுக்கு எல்லாத் தேசத்திலும் இந்தத் தலைவலி உண்டு. வெனிஸ் நகரத்துக் கைவினைஞர்கள் செம்புக் கம்பியின் மேல் மணியைச் சுற்றி, பிற்பாடு நைட்ரிக் அமிலத்தில் போட்டுவிடுவார்கள். அமிலம் செம்பைக் கரைக்கும், கண்ணாடியைத் தொடாது. (இதை வீட்டில் செய்து பார்க்க நினைக்காதீர்கள். அதிலிருந்து எழும் புகை நெஞ்சைக் கெடுத்துவிடும்.) ஆப்பிரிக்காவில் கானா தேசத்துக் குரோபோ மக்கள் மண் அச்சில் கண்ணாடித் தூளை நிரப்பி, நடுவில் மரவள்ளி இலைக் காம்பைச் செருகிச் சூளையில் வைப்பார்கள். காம்பு எரிந்து சாம்பலாகும், துளை மிஞ்சும்.

இவர்களையெல்லாம் மிஞ்சிய யுக்தி நம் பக்கத்திலேயே இருந்தது. செஞ்சி மலைகளிலிருந்து இறங்கும் செஞ்சியாறு கிழக்கே போய்ப் புதுச்சேரி அருகில் கிளை பிரிகிறது. அந்தக் கிளைதான் அரியாங்குப்பம் ஆறு. அதன் கரையில் இருக்கிறது அரிக்கமேடு. ஊர்ச் சிறுவர்கள் அங்கே பொறுக்கிய மணிகளும் கற்களும் 1930-களின் இறுதியில் ழூவோ-துப்ரெய் என்ற பிரெஞ்சு அறிஞரின் கைக்கு வந்தன. 1945-ல் மார்ட்டிமர் வீலரும், 1947 முதல் 1950 வரை கஸாலும், 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி குழுவினரும் அங்கே அகழ்ந்து பார்த்தார்கள். ரோமாபுரியுடன் வாணிபம் நடத்திய அந்தத் துறைமுகம், மணிகள் செய்யும் பட்டறையாகவும் இருந்தது தெரியவந்தது.

அந்த மணிகள் கம்பியில் சுற்றியவை அல்ல. உருகிய கண்ணாடியை உள்ளே பொள்ளலாகத் திரட்டி, அப்படியே நீளமான மெல்லிய குழாயாக இழுத்துவிடுவார்கள். குழாயைக் கடுகும் மிளகுமாகத் துண்டு போட்டு, சாம்பலோடு கலந்து சூடான சட்டியில் புரட்டினால் கூர்முனைகள் மழுங்கி உருண்டையாகும். சாம்பல் துளையை அடைத்துக்கொண்டு நிற்பதால் துளை மூடிப்போவதில்லை. மணிகளும் ஒன்றோடொன்று ஒட்டுவதில்லை. குழாய்க்குள் ஓடும் பொள்ளல்தான் துளை. மணிக்கு மணி கம்பியும் வேண்டாம், கழற்றும் பாடும் இல்லை. இவ்வகை மணிகளுக்கு 'இந்தோ-பசிபிக் மணிகள்' என்று பெயரிட்டார் பீட்டர் பிரான்சிஸ் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர். கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து தென்கிழக்கு ஆசியா வரை இவை கிடைக்கின்றன. ஆந்திரத்தில் காளஹஸ்திக்கு அருகே பாப்பாநாயுடுபேட்டையில் இதே இழுப்பு முறை 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் நடந்ததை ஆராய்ச்சியாளர்கள் நேரில் கண்டு எழுதியிருக்கிறார்கள்.

ஆனால் அதற்குப் பெரிய உலையும் பல கைகளும் வேண்டும். கொல்லைப்புறத்து அறையில் ஒற்றை மணி செய்கிறவளுக்குக் கம்பிதான் கதி. அவள் என்ன செய்தாள் என்று கேளுங்கள்.

முதலில், நன்றாக ஆறியிருந்த மணியைக் கம்பியோடு சோப்பு கலந்த தண்ணீரில் இரவு முழுதும் ஊற வைத்தாள். களிமண் ஊறி இளக வேண்டும். அது மணியின் இரு முனையிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் உள்ளே இறங்கும். ஆகவே இங்கே அவசரம் உதவாது.

காலையில், கம்பியின் வெளிப்பக்கத்தில் ஒட்டியிருந்த பூச்சைச் சுரண்டி, உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்தாள். மணி வெளியே வர வேண்டிய பாதை அது. பாதையில் கரடு இருந்தாலும், கம்பி வளைந்திருந்தாலும் மணி பாதியில் சிக்கிக்கொள்ளும்.

அடுத்ததாக, ஈரம் போகத் துடைத்து ஃபிரிஜ்ஜின் கீழ்த்தட்டில் கொஞ்ச நேரம், பிறகு ஐஸ் அறையில் ஒரு மணி நேரம் வைத்தாள். ஒன்றுக்குள் ஒன்று மாட்டிக்கொண்ட டம்ளர்களை நீங்கள் எப்படிப் பிரிப்பீர்கள்? உள் டம்ளரில் ஐஸ் தண்ணீர் ஊற்றிச் சுருங்க வைப்பீர்கள் அல்லவா? அதே சூத்திரம்தான். குளிரும்போது எவர்சில்வர் 17 பங்கு சுருங்கினால், மணிக் கண்ணாடி சுமார் 10 பங்குதான் சுருங்கும். உள்ளே இருக்கும் கம்பி மெலிகிறது, பிடி தளர்கிறது. டம்ளருக்குச் செய்வதுபோல் வெளியே வெந்நீர் மட்டும் விட்டுவிடாதீர்கள். திடீர்ச் சூட்டில் கண்ணாடி கீறிவிடும். கம்பியைச் சூடாக்கினாலோ அது உள்ளே பருத்து மணியைப் பிளந்துவிடும்.

கடைசியாகக் கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிக்கொண்டாள். மணியை ரப்பர்த் துண்டால் பொதிந்து இடது கையில் அசையாமல் பிடித்துக்கொண்டு, மணிக்கு அருகிலேயே கம்பியைக் குறடால் கவ்வினாள். திருக வேண்டியது கம்பியை, மணியை அல்ல. இழுப்பது பிறகு. முதலில் பிடி விட வேண்டும். இப்படியும் அப்படியும் மெல்லத் திருகினாள். ஒருமுறை, இரண்டுமுறை... ஒன்றும் நடக்கவில்லை. மறுபடி தண்ணீர், மறுபடி ஐஸ் அறை. வாசலில் பந்தல்காரர் வந்து கூப்பிட்டார். யாரும் போகவில்லை!

பிற்பகல் மூன்று மணிக்கு, கிறீச்சென்று ஒரு சத்தம். தோழியின் முகம் வெளுத்தது. நானும் மணி கீறிவிட்டதென்றே நினைத்தேன். இல்லை, நகர்ந்தது களிமண். அடுத்த திருகலில் கம்பி சுழன்றது. மணி வழுக்கிக்கொண்டு ரப்பர்த் துண்டோடு அவள் உள்ளங்கைக்கு வந்துவிட்டது.

துளைக்குள் ஒட்டியிருந்த மண்ணை, வைரத்தூள் பூசிய ஊசி அரத்தால் தண்ணீருக்குள் வைத்தே தேய்த்து எடுத்தாள். உலர்ந்த நிலையில் அராவக் கூடாது. வாயால் ஊதவும் கூடாது. அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது.

எல்லா மணிக்கும் இந்த யோகம் இருக்கும் என்று நான் சொல்லமாட்டேன். கண்ணாடி வெறும் கம்பியிலேயே பற்றிக்கொண்டிருந்தால், பெரும்பாலும் எந்த வைத்தியமும் பலிக்காது. அதற்கு மருந்து வருமுன் காப்பதுதான். பூச்சை ஒரே சீராகத் தோய்த்து, நன்றாக உலர்த்துங்கள். முதல் சுற்றிலேயே அது விண்டால் அந்தக் கம்பியை ஒதுக்கிவிட்டு வேறு கம்பி எடுங்கள்.

மாலையில் திண்ணையிலிருந்து மலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. 2025-ல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் சேர்ந்த அந்தக் கோட்டையை, மொகலாயத் தளபதி ஜுல்பிகார்கான் 1690-ல் முற்றுகையிட ஆரம்பித்தார். கோட்டை விழுந்தது 1698-ல். உள்ளே இருந்த மராட்டிய அரசர் ராஜாராமோ அதற்கு முன்பே நழுவிப் போய்விட்டார். எட்டு வருஷம் காத்திருந்த ஊரில் ஒரு மணிக்காக ஒரு ராத்திரி காத்திருப்பதா பெரிய விஷயம்?

வளைகாப்பு நன்றாக நடந்தது. மாலையைத் தங்கையின் கழுத்தில் போடுமுன், அம்மா வழக்கம்போல் ஒவ்வொரு மணியாக விரலால் தள்ளி எண்ணினார். புது மணியிடம் வந்தபோது அவர் விரல் நிற்கவில்லை. அடுத்ததற்குப் போய்விட்டது. என் தோழி என்னைப் பார்த்தாள். அவள் கண் நிறைந்திருந்தது.

"அந்தச் சுத்தியல் எங்கே?" என்று அவளிடம் மெதுவாகக் கேட்டேன்.

"பந்தல்காரரிடம் கொடுத்தாகிவிட்டது. திருப்பித் தர வேண்டாம் என்றும் சொல்லிவிட்டேன்" என்றாள்.