செஸ் புரோகிராமின் மனப்பாடம்

கம்ப்யூட்டருடன் செஸ் விளையாடும்போது கவனித்திருக்கிறீர்களா? முதல் சில மூவ்களைக் கண் இமைப்பதற்குள் ஆடிவிடும். பிறகுதான் யோசிக்க ஆரம்பிக்கும். காரணம், தொடக்க மூவ்களை அது கணக்கிடுவதில்லை; 'ஓப்பனிங் புக்' என்ற பைலிலிருந்து எடுத்து ஆடுகிறது.

இந்த பைலின் அமைப்பு எளிமையானது. காய்கள் நிற்கும் நிலையை ஒரு 64 பிட் எண்ணாக மாற்றி, அதற்கு நேரே ஆட வேண்டிய மூவை எழுதி வைத்திருப்பார்கள். பாலிகிளாட் வகை பைலில் ஒரு பதிவுக்கு 16 பைட்தான். எண் பைலில் இருந்தால் மூவ் ரெடி. இல்லாவிட்டால் எஞ்சின் சொந்தமாகக் கணக்கிடும்.

இந்தச் சின்ன பைல் ஓர் உலக சாம்பியனையே சாய்க்க உதவியது. 1997 மே 11, நியூயார்க். ஐ.பி.எம்.மின் டீப் புளூவுடன் காஸ்பரோவ் ஆடிய ஆறாவது, கடைசி ஆட்டம். கறுப்புக் காய்களுடன் கேரோ-கான் ஓப்பனிங்கை ஆடிய அவர், ஏழாவது மூவில் ராஜா பக்கத்து ஓரச் சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தினார். டீப் புளூ ஒரு சிப்பாயை வெட்டிவிட்டுக் குதிரையையே பலி கொடுத்தது. காஸ்பரோவின் ராஜா கோட்டை கட்ட முடியாமல் நடுவில் மாட்டிக்கொண்டது. 19 மூவில் தோல்வியை ஒப்புக்கொண்டார். மேட்ச் 3.5-2.5 என்று முடிந்தது.

வினாடிக்கு சுமார் 20 கோடி நிலைகளை அலசிய இயந்திரம் அது. ஆனால் அந்தக் குதிரை பலி அதன் கணக்கில் பிறந்ததல்ல; அதன் ஓப்பனிங் புக்கில் இருந்தது!

எனக்கும் ஒரு அனுபவம் உண்டு. கல்லூரிப் போட்டி ஒன்றில், புரோகிராமைப் பார்த்து நெட்டுருப் போட்ட 12 மூவ்களைக் கடகடவென்று ஆடினேன். 13-வதாக எதிரே இருந்தவர் புக்கில் இல்லாத ஒரு மூவை ஆடினார். அடுத்து என்ன செய்வதென்றே தெரியவில்லை. தோற்றேன். புக் முடிந்ததும் கணக்கிட டீப் புளூவுக்குத் தெரியும், எனக்குத் தெரியவில்லை. காய்கள் ஏன் அங்கே நிற்கின்றன என்று நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

நீங்கள் இப்படிச் செய்து பாருங்கள். உங்கள் புரோகிராமின் செட்டிங்கில் 'ஓப்பனிங் புக்' அல்லது 'ஓன் புக்' என்று இருந்தால் டிக்கை எடுத்துவிடுங்கள். பிறகு காஸ்பரோவின் அந்த ஏழாவது மூவ் வரை காய்களை அடுக்கி, கறுப்பு உங்களுக்கு, வெள்ளை கம்ப்யூட்டருக்கு என்று குதிரை பலியிலிருந்து ஆடுங்கள். நடுவில் நிற்கும் ராஜாவைக் காப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே புரியும். புரிந்து ஆடிய ஓப்பனிங் மறக்காது.