பெயர்ப்பலகைத் தமிழும் அதனைப் பொருத்துவோரும்

பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் தெங்கு கிளானா சாலை, பினாங்கு லெபோ பாசார் முதலிய இடங்களில் நடந்து செல்லும் தமிழாசிரியர் கடைப் பெயர்ப்பலகைகளில் பிழையொன்றும் காணாமல் திரும்புவது அரிது. புள்ளியிழந்த மெய்யோ இடம் மாறிய கொம்போ கண்ணிற் பட்டவுடன் கடைக்காரரின் தமிழறிவைக் குறைகூறுதல் நம் வழக்கம். இப்பிழைகளுட் பல மொழியறியாமையால் அன்றித் தொழில்முறையால் விளைவன என்பதை நாம் இங்கு எடுத்துரைக்க விழைகிறோம்.

முன்னர்ப் பலகை எழுதிய ஓவியர் எழுத்து முழுவதையும் தம் தூரிகையாலேயே வரைந்தார். இன்று பல கடைகளுக்கு 'பாக்ஸ் அப்' எனப்படும் புடைப்பெழுத்துகள் செய்யப்படுகின்றன. அக்ரிலிக் தகட்டையோ உலோகத் தகட்டையோ கணினிவழி வெட்டி, பக்கங்களை அடைத்து, உள்ளே எல்.இ.டி. விளக்குகளைப் பதிப்பர். பொருத்துநர் உண்மையளவில் அச்சிட்ட தாளைச் சுவரில் ஒட்டுவார். குறித்த இடங்களில் துளையிட்டு, மின்கம்பியைச் செலுத்தி, ஒவ்வோர் உறுப்பாக மாட்டுவார். ஏணியிலோ 'ஸ்கைலிப்ட்' தொட்டிலிலோ பாதுகாப்பு வார் அணிந்து நின்று செய்யும் வேலை இது. நண்பகலில் தகடு கையைச் சுடும். மழை வந்தால் மின்வேலை நின்றுவிடும். இவருட் பலர் அயல்நாட்டுத் தொழிலாளர். தமிழெழுத்து அவர்க்கு வெறும் வடிவமே.

அவ்வடிவமோ எளிதன்று. 'கெடாய் எமாஸ்' என்னும் மலாய்த் தொடரில் ரோமன் பேரெழுத்துகள் 9. மாட்ட வேண்டிய உறுப்புகளும் 9. 'பொற்கொல்லர்' என்பதில் எழுத்து 6, உறுப்போ 13. கொம்பு 2, கால் 2, புள்ளி 3, எஞ்சியவை 6. ரகரமும் காலும் ஏறத்தாழ ஒரே தோற்றத்தன. தமிழறியாதார் ஒன்றை மற்றொன்றன் இடத்தில் மாட்டினால் வியப்பதற்கில்லை. புள்ளியின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அது ஒட்டிநிற்கும் பரப்பு சிறிது; பசை வலுவிழந்தால் எளிதில் விழுந்துவிடும். மிகச் சிறிய புள்ளியினுள் விளக்கும் அடங்காது. ஆதலாற் பகலிற் பிழையின்றி நிற்கும் பலகையில் இரவானதும் மெய்யெல்லாம் அகரமேறி ஒளிர்கின்றன!

கொம்பு இடம் மாறுதல் பெரும்பாலும் கணினியில் நிகழ்வது. ஒருங்குறியில் மெய் முன்னும் கொம்பு பின்னுமாகவே பதிவாகின்றன. திரையில் முறைமாற்றிக் காட்டுவது மென்பொருளின் பணி. அவ்வசதியற்ற வரைகலை மென்பொருள் கொம்பை எழுத்துக்குப் பின்னேயே நிறுத்திவிடும். வெட்டுபவர் கோப்பில் உள்ளதை வெட்டுகிறார். பொருத்துநர் தாளில் உள்ளதைப் பொருத்துகிறார். இருவரையும் குறைகூற இயலாது. பலகைக்கு டேவான் பகாசா டான் புஸ்தாகா வழங்கும் ஒப்புதல் தேசிய மொழியைப் பற்றியது. அருகிலுள்ள தமிழைப் படித்துப் பார்ப்பார் யார்?

பலகை ஏறிய பின்னர்க் கடைக்காரருக்குக் கடிதம் எழுதுவதாற் பயன் குறைவு. திருத்துவதற்கு மீண்டும் ஸ்கைலிப்ட் வாடகை, மீண்டும் துளை, மீண்டும் பூச்சு. தெரிந்தவர் கடை திறக்கிறார் எனில், எழுத்துகளைக் கோட்டுருவாக மாற்றிய கோப்பையே பட்டறைக்கு அனுப்பச் சொல்லலாம். சுவரில் ஒட்டும் தாளை வெட்டுவதற்கு முன் ஒருமுறை கேட்டு வாங்கிப் படிக்கலாம். ஒவ்வோர் உறுப்புக்கும் தாளில் எண்ணிட்டு, அதே எண்ணை உறுப்பின் பின்புறத்திலும் எழுதச் சொல்லலாம். வேலை முடிந்ததும் அத்தாளை எறிந்துவிடாமற் கடையிலேயே வைத்திருப்பது நலம். பின்னாளில் விழும் புள்ளியை உரிய இடத்தில் ஒட்ட அதுவே உதவும்.