உங்களுக்குத் தெரியுமா? கரிசல் தண்ணிக்கு எந்த வாஷிங் மெஷின்?

மெஷினுக்கு முன்னால் தண்ணீர்

இடைசெவல் பக்கத்திலிருந்து வாஷிங் மெஷின் வாங்கக் கோவில்பட்டிக்குப் பஸ் ஏறும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்துவிடுங்கள். இரண்டு கண்ணாடி பாட்டில் எடுத்து, ஒன்றில் பாதிக்கு உங்கள் போர்த் தண்ணீரும் மற்றதில் பாதிக்குப் பிடித்து வைத்த மழைத் தண்ணீரும் ஊற்றுங்கள். குளிக்கிற சோப்பைக் கொஞ்சம் சீவி இரண்டிலும் போட்டு, மூடிக் குலுக்குங்கள். மழைத் தண்ணீரில் நுரை பொங்கி எழுந்து நிற்கும். போர்த் தண்ணீரில் நுரைக்குப் பதிலாக வெள்ளையாகத் திரிந்து மிதந்தால், அதில் கால்சியமும் மக்னீசியமும் நிறைய இருக்கின்றன என்று அர்த்தம். அவை சோப்போடு சேர்ந்து கரையாத பொருளாகிவிடுகின்றன. வெள்ளை வேட்டி நாளாக ஆகச் சாம்பல் பூப்பதும், துண்டு காய்ந்ததும் அப்பளம்போல விறைப்பதும் பெரும்பாலும் இதனால்தான்.

குடிநீரின் கடினத்தன்மைக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் வைத்திருக்கும் அளவு லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு தண்ணீருக்கு வழியில்லாத இடத்தில் 600 வரை போகலாம். கரிசலில் இது கிணற்றுக்குக் கிணறு மாறும். பக்கத்து வீட்டு போரை வைத்து உங்கள் வீட்டுக்கு முடிவெடுக்க வேண்டாம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகத்தில் ஒரு பாட்டில் தண்ணீரைக் கொடுத்தால் கணக்காகச் சொல்லிவிடுவார்கள்.

இதில் பலரும் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. உப்புக் கரிப்பது வேறு, கடினம் வேறு. வாயில் வைத்தால் கரிக்காத தண்ணீரும் படு கடினமாக இருக்கலாம். பேனா போன்ற டி.டி.எஸ். மீட்டரை முக்கிப் பார்த்து, இவ்வளவு காட்டுகிறது என்று சொல்லும்போது, அது கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்துத்தான் காட்டுகிறது. அதில் எவ்வளவு சாதாரண உப்பு, எவ்வளவு கால்சியம் என்று அந்த மீட்டருக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது.

உவர்மண் செய்த வேலை

சலவைத் தொழிலாளர்கள் வெள்ளாவி வைக்கும் முன் துணியை உவர்மண் கரைசலில் முக்கி எடுப்பார்கள். தரையில் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும் அந்த மண்ணில் சோடியம் கார்பனேட் இருக்கிறது. கடையில் சலவைச் சோடா என்று வாங்குவதும் அதையேதான். அது தண்ணீரிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக் கீழே படிய வைக்கும், எண்ணெய்ப் பிசுக்கையும் இளக்கும். கடின நீரில் வெளுப்பது எப்படி என்ற கேள்விக்கு, வேதியியல் பாடம் படிக்காத மனிதர்கள் இந்த மண்ணிலிருந்தே விடை எடுத்திருக்கிறார்கள். அந்தக் கைப்பக்குவத்துக்கு உரிய மரியாதையை நாம் கொடுக்கவே இல்லை என்பது என் வருத்தம்.

இன்றைய வாஷிங் பவுடரிலும் சோடா சேர்ந்திருக்கிறது. ஆகவே கடினத் தண்ணீருக்குப் பவுடரின் அளவைச் சற்றுக் கூட்ட வேண்டும். அதற்காக அள்ளிக் கொட்டினால், அலசிப் போகாமல் துணியிலேயே தங்கிவிடும்.

குடத்தில் பிடிக்கும் வீட்டுக்கு

மெஷின் வகை மூன்று. முன்பக்கக் கதவுள்ள ஃப்ரன்ட் லோட், மேலே திறக்கும் டாப் லோட் என்ற இரண்டு ஃபுல்லி ஆட்டோமேட்டிக், இரண்டு தொட்டியுள்ள செமி ஆட்டோமேட்டிக். ஒரு தடவை துவைக்க ஃப்ரன்ட் லோடுக்குத் தண்ணீர் குறைவு, டாப் லோடுக்கு அதைவிட அதிகம். தண்ணீர்ப் பஞ்சமுள்ள ஊருக்கு ஃப்ரன்ட் லோடுதான் என்று சொல்லிவிடலாம்போலத் தோன்றும். ஆனால் குழாயில் நினைத்தபோது தண்ணீர் வரும் வீட்டுக்குத்தான் அந்தக் கணக்கு சரி.

தண்ணீரைப் பிடித்து, தொட்டியில் நிரப்பி, எண்ணிச் செலவு செய்கிற வீட்டில் செமி ஆட்டோமேட்டிக்கை மட்டமாக நினைக்க வேண்டியதில்லை. குடத்தாலேயே ஊற்றிக்கொள்ளலாம். வெள்ளைத் துணி துவைத்த சோப்புத் தண்ணீரிலேயே அடுத்துக் கலர்த் துணி, அதற்கும் பிறகு கால்மிதி, சாக்கு என்று ஒரே தண்ணீரிடம் மூன்று வேலை வாங்கலாம். தானாக வடித்துவிடும் மெஷினில் இது நடக்காது. எங்கள் மதினி வீட்டில் ஃபுல்லி ஆட்டோமேட்டிக் வாங்கி, தண்ணி வராத நாளிலெல்லாம் அது பாதியில் நின்று, கடைசியில் அதன்மேல் துணி மடித்து வைக்கிற நிலைமை வந்தது. மெஷினில் ஒரு குறையும் இல்லை. வாங்கும்போது வீட்டுத் தண்ணீரை யாரும் நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

பத்து மீட்டருக்கு ஒரு பார்

ஆட்டோமேட்டிக் மெஷினுக்குத் தண்ணீர் ஓர் அழுத்தத்தோடு வர வேண்டும். பத்து மீட்டர் உயரத் தண்ணீர் ஏறக்குறைய ஒரு பார் அழுத்தம் தரும். உங்கள் மாடித் தொட்டியின் அடிப்பாகம் மெஷின் குழாயைவிட மூன்று மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைப்பது 0.3 பார்தான். தொட்டியும் மெஷினும் ஒரே மாடியில் இருந்தால் அதுவும் கிடைக்காது. மெஷினுக்குக் குறைந்தது எத்தனை பார் வேண்டும் என்பது அதோடு வரும் புத்தகத்தில் இருக்கும். பணம் கட்டும் முன் அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள்.

மத்தியானம் போட்டால் கோல்ட் வாஷ் இல்லை

சித்திரை வெயிலில் இரண்டு மணிக்கு மாடி சின்டெக்ஸ் தொட்டித் தண்ணீரில் கை வைத்துப் பாருங்கள், சுடும். மெஷினில் 'கோல்ட்' என்று வைத்தாலும் உள்ளே போவது அந்தத் தண்ணீர்தான். ரத்தம், பால், முட்டை போன்ற புரதக் கறைகள் சூடு பட்டால் துணியில் இறுகிக்கொள்ளும். சாயம் போகிற துணிக்கும் அந்தச் சூடு ஆகாது. இவற்றை விடிகாலையில் போடுங்கள்.

இதையே லாபமாகவும் எடுத்துக்கொள்ளலாம். 15 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு ஏற்ற ஏறக்குறைய அரை யூனிட் மின்சாரம் ஆகும். குளிர்நாட்டில் 10 டிகிரியிலிருந்து சூடாக்குகிறவர்களுக்குத்தான் 40 டிகிரி என்ற பட்டன் பெரிய செலவு. நம் தொட்டியில் அந்தச் சூட்டுக்குப் பக்கத்தில் தண்ணீர் இலவசமாகவே கிடக்கிறது. அன்றாடத் துணிக்கு ஹீட்டரே வேண்டாம். கைக்குழந்தைத் துணி, நோயாளியின் படுக்கை விரிப்பு இவற்றுக்கு மட்டும் 60 போதும்.

கடினத் தண்ணீரைச் சூடாக்கினால் இன்னொரு கேடும் உண்டு. கரைந்திருந்த கால்சியம் பைகார்பனேட் சுண்ணாம்பாக மாறி ஹீட்டர் கம்பியிலேயே படியும். வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளையாகப் பொருக்கு கட்டுகிறதே, அதுவேதான். மாதம் ஒரு முறை எலுமிச்சை உப்பு, அதாவது சிட்ரிக் ஆசிட் போட்டு, துணியில்லாமல் சூட்டில் ஓட விட்டால் பொருக்கு கரையும். அதோடு பிளீச்சிங் பவுடரையோ பிளீச் திரவத்தையோ ஒருபோதும் சேர்க்காதீர்கள். நச்சான குளோரின் வாயு கிளம்பும்.

நான்கில் ஒன்றைக் குறைத்தால்

துணி வெளுக்க நான்கு வேண்டும் என்று 1959இல் சொன்னவர் ஜெர்மனியின் ஹென்கெல் நிறுவனத்தைச் சேர்ந்த ஹெர்பர்ட் சின்னர். சோப்பு, சூடு, நேரம், அடித்துக் கும்முகிற வேகம். ஒன்றைக் குறைத்தால் இன்னொன்றைக் கூட்டித்தான் ஆக வேண்டும். மெஷினில் உள்ள பட்டன் அத்தனையும் இந்த நான்கையும் மாற்றி மாற்றிப் பங்கு போட்டதுதான். 'ஈகோ' மூன்று மணி நேரம் ஓடுகிறதே என்று அலுத்துக்கொள்கிறோம். அது சூட்டைக் குறைத்து நேரத்தைக் கூட்டியிருக்கிறது. 'குயிக் வாஷ்' நேரத்தைக் குறைத்துவிட்டதால் கொஞ்சமே அழுக்கான ஒன்றிரண்டு கிலோத் துணிக்குத்தான் ஆகும்.

எட்டுக் கிலோ மெஷின் என்றால் எல்லா ஓட்டத்துக்கும் எட்டுக் கிலோ என்று நினைத்துவிடாதீர்கள். அது 'காட்டன்' ஓட்டத்துக்கு, காய்ந்த துணியின் எடை. 'சிந்தெடிக்' வைத்தால் பெரும்பாலும் அதில் பாதிதான் போடலாம். 'டெலிகேட்' வைத்தால் இன்னும் குறைவு.

கரிசல் சகதி

களிமண் துகள் என்பது 0.002 மில்லிமீட்டருக்கும் சிறியது. பருத்தி இழையின் தடிமனே அதைப்போலப் பல மடங்கு. கரிசலில் மான்ட்மோரிலோனைட் என்ற களிமண் மிகுதி. அது தண்ணீரைக் குடித்து உப்பி, பசைபோல இழைக்குள் போய் ஒட்டிக்கொள்ளும். ஐப்பசியில் காட்டுக்குப் போய் வந்த வேட்டியை ஈரச் சகதியோடு தேய்த்தால் கறை உள்ளேதான் போகும். காயவிட்டு, உதறி, பிரஷால் தட்டி, வெறும் தண்ணீரில் ஒரு முறை அலசிய பிறகு மெஷினில் போடுங்கள். அப்படியே போட்டால் மண் முழுதும் பம்புக்குப் போகும்.

தரையும் இந்த மண்ணின் மேல்தான் இருக்கிறது. மழையில் உப்பி, கோடையில் வெடிக்கிற கரிசல் வீட்டுத் தரையையும் அசைக்கும். வாங்கிய அன்று சமமாக நின்ற மெஷின் ஆறு மாதத்தில் பிழியும்போது தடதடவென்று ஆடினால், மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் கொத்தனாரின் ரசமட்டத்தை மேலே வைத்துப் பாருங்கள். மெஷினின் காலைத் திருகிச் சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும்.

தீப்பெட்டி ஆபீஸ் துணி

இதைக் கட்டாயம் படியுங்கள். தீக்குச்சி மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருக்கிறது. அது படிந்த துணி காய்ந்துவிட்டால் மிக எளிதாகத் தீப்பிடிக்கும். மருந்து முக்குகிற வேலைக்குப் போகிறவர்களின் துணியை அழுக்குக் கூடையில் நாலு நாள் போட்டு வைக்கக் கூடாது, அடுப்புப் பக்கம் தொங்கவிடவும் கூடாது. குளோரேட் தண்ணீரில் கரையும். வேலை முடிந்து வந்ததும் தனி வாளியில் நிறையத் தண்ணீரில் முக்கி, இரண்டு தடவை அலசிக் கொட்டிவிட்டு, மற்ற துணியோடு கலக்காமல் துவையுங்கள்.

நனைந்தால் பலம் கூடும் பஞ்சு

ஈரமானால் துணி இற்றுப்போகும் என்று நினைக்கிறோம். பருத்தி அப்படியல்ல, நனைந்தால் அதன் இழை இன்னும் வலுவாகும். ஆகவே வேட்டியும் போர்வையும் 'காட்டன்' ஓட்டத்தின் அடியைத் தாங்கும். ரேயான் நேர்மாறு. நனைந்தால் வலுவில் பாதியைப் போல இழந்துவிடும். ரேயான் நைட்டிக்கும் சுடிதாருக்கும் 'டெலிகேட்' வைக்கச் சொல்வது அதனால்தான். கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையம் நூறாண்டுக்கும் மேலாக இருக்கிற இந்த மண்ணில், கருங்கண்ணிப் பருத்தி எடுத்த கைகளுக்குப் பஞ்சின் குணத்தை நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

வெயில் இருக்க விசை எதற்கு?

பிழியும் வேகம் நிமிடத்துக்கு 1400 சுற்று என்று எழுதியிருந்தால் விலையும் ஏறும். பிழியும் விசை வேகத்தின் வர்க்கத்தில் கூடுவது. 700 சுற்றை 1400 ஆக்கினால் விசை நான்கு மடங்கு. துணியில் ஈரம் குறையும், சுருக்கமும் தேய்மானமும் கூடும். வெயில் காணாத ஊர்க்காரர்களுக்கு அது தேவை. கொடியில் போட்ட துணி பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்துவிடும் நம் ஊரில், அந்தப் பணத்தைத் தண்ணீர்ச் சிக்கனத்துக்கும் நல்ல சர்வீஸுக்கும் கொடுக்கலாம்.

மஞ்சள் சிவந்தால்

மஞ்சள் கறையில் சோப்புப் பட்டதும் சிவப்பாகும். சோப்பின் காரத்தால் மஞ்சளிலுள்ள குர்க்குமின் நிறம் மாறுவதுதான் காரணம், பயப்பட வேண்டாம். அலசினால் மறுபடி மஞ்சளுக்குத் திரும்பும். குர்க்குமினுக்கு வெயில் ஆகாது. மிச்சக் கறையை வெயிலிடமே விட்டுவிடுங்கள்.

இன்வெர்ட்டர் மெஷின்

அந்தப் பெயருக்கு, கரண்ட் போனால் பேட்டரியில் ஓடும் என்று அர்த்தமில்லை. மோட்டாரின் வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றும் நுட்பத்தின் பெயர் அது.

வடிகட்டியில் சேரும் பஞ்சு

மெஷினின் வலைப்பையில் சேரும் பஞ்சை எடுத்துப் பாருங்கள். அது வெளியிலிருந்து வந்த தூசியல்ல, பெரும்பாலும் உங்கள் வேட்டியும் சேலையுமே தேய்ந்து உதிர்ந்தது. நிறையச் சேருகிறது என்றால் அளவுக்கு மீறி அடிக்கிறோம். ஓட்டத்தை மிதமாக்குங்கள்.

இப்படித் தேய்ந்து உதிர்கிற துணியின் அருமை தெரிந்த மண் இது. இடைசெவலில் பிறந்த எழுத்தாளர்கள் இருவர் துணியை வைத்துக் கதை எழுதியிருக்கிறார்கள். கி.ராஜநாராயணனின் 'வேட்டி' கிழிந்த வேட்டியோடு ஒருவர் படும் பாடு. கு.அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்' கதையில் ஆதரவற்ற சிறுவனுக்கு ஏழைத் தாய் ஒருத்தி உடுத்தத் துணி தருகிறாள். ஒற்றைத் துணிக்கு இருந்த மதிப்பை அறிய அவற்றைப் படியுங்கள்.

அலசிய தண்ணீர் எங்கே போகிறது?

வாஷிங் பவுடரில் சோடியம் உண்டு. களிமண்ணில் சோடியம் சேரச் சேர மண் கட்டு விட்டுக் குழைந்து, கண் அடைத்து, தண்ணீரை உறிஞ்சாமல் போகும். கரிசலுக்கு இது மிகவும் கெடுதல். முதல் சோப்புத் தண்ணீரைச் செடிக்கு விடாதீர்கள். செமி ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்கள் கடைசி அலசலை மட்டும் வாளியில் பிடித்து, இன்றைக்கு முருங்கைக்கு, நாளைக்குத் தென்னைக்கு என்று இடம் மாற்றி ஊற்றுங்கள். மழை பெய்தால் அதுவே மண்ணில் தங்கிய உப்பைக் கழுவிக் கீழே இறக்கிவிடும்.